குண்டை விழுங்கிய தோட்டா: நாகானுக்கு டை தேடுவது

பழைய ரஷ்யப் படைத் துப்பாக்கியான நாகான் ரிவால்வரின் தோட்டாவை முதன்முதலாகக் கையில் வாங்குகிற யாரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். குண்டு எங்கே? மற்றத் தோட்டாக்களில் பித்தளைக் கூட்டுக்கு மேலே குண்டின் மூக்கு துருத்திக்கொண்டிருக்கும். இதில் ஒன்றும் இல்லை. நீளமான ஒரு பித்தளைக் குழாய், நுனியில் கொஞ்சம் ஒடுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் வாய்க்குள் சில மில்லிமீட்டர் கீழே தட்டை மூக்குடன் குண்டு பதுங்கியிருப்பது தெரியும்.

இந்தத் தோட்டாவின் சுட்ட கூட்டை வீட்டில் மறுபடி நிரப்ப எந்த டை (அழுத்து இயந்திரத்தில் மாட்டிக் கூட்டுக்கு வடிவம் தரும் அச்சு) வாங்குவது என்று கேட்டு அவ்வப்போது எனக்கு மின்னஞ்சல் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துவிட்டது. அதனால் இங்கேயே விரிவாக எழுதிவிடுகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். நான் இருப்பது அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில். இங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்புவது ஒரு பொழுதுபோக்கு. விற்பதற்குத் தயாரித்தால்தான் மத்திய அரசின் உரிமம் வேண்டும். இந்தியாவில் அப்படி இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரில் இருந்து படிக்கிறவர்கள் இதை ஓர் இயந்திரப் புதிராகப் படித்துக்கொள்ளுங்கள். லேத் பட்டறைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, குண்டு ஏன் உள்ளே போனது? எல்லா ரிவால்வரிலும் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி இருக்கும். சிலிண்டர் சுழல வேண்டுமே. சுடும்போது அந்த இடைவெளி வழியே கொஞ்சம் வாயு பக்கவாட்டில் பீய்ச்சியடித்து வீணாகும். பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தைச் சேர்ந்த லியோன் நாகான் இதை அடைக்க முனைந்தார். அவருடைய ரிவால்வரில் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தால் சிலிண்டர் சுழல்வதோடு நிற்காமல் முன்னால் நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது தோட்டாக் கூட்டின் ஒடுங்கிய வாய் குழலுக்குள் நுழையும். வெடித்ததும் அந்த வாய் விரிந்து, இரண்டு இரும்புக்கும் நடுவே பித்தளை வாஷர் போல அடைத்துக்கொள்ளும். வாய் குழலுக்குள் போக வேண்டும் என்றால் குண்டு அதற்குக் கீழேதான் இருந்தாக வேண்டும்.

ரஷ்யா இதை 1895இல் படைக்கு எடுத்துக்கொண்டது. முதலில் லியேஜில் இருந்து வந்தது. பிறகு 1898 முதல் துலா ஆயுத ஆலையில் செய்தார்கள். ஜார் போய் சோவியத் வந்தும் உற்பத்தி நிற்கவில்லை, இரண்டாம் உலகப் போர் முடியும்வரை ஓடியது. ஏழு அறைகள். பக்கவாட்டுக் கதவு வழியே ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றாகக் கம்பியால் தள்ளி எடுக்க வேண்டும். சுத்தியலை இழுக்காமல் விசையை மட்டும் அழுத்திச் சுட்டால் விரல் நோகும். சிலிண்டரைத் தள்ளும் வேலையும் அந்த விரலுக்குத்தானே வருகிறது. வாயு அடைப்பால் கிடைத்த நிஜமான லாபம் ஒன்று உண்டு. ரிவால்வருக்கு ஒலியடக்கி மாட்டினால் சத்தம் இடைவெளி வழியே வெளியேறிவிடும். நாகானில் அது அடைபட்டிருப்பதால் ‘பிராமிட்’ என்ற ஒலியடக்கியைச் செய்து சோவியத் படை இதில் மாட்டியது.

என்னுடையது துலாவில் 1939இல் செய்தது. பக்கத் தகட்டில் நட்சத்திர முத்திரையும் ஆண்டும் இருக்கின்றன. நான் வாங்கிய காலத்தில் இவை இங்கே மலிவாகக் குவிந்து கிடந்தன. கூடவே சோவியத் கால உபரித் தோட்டாக்களும் வந்தன, அட்டைப் பெட்டிக்கு 14, அதாவது இரண்டு சிலிண்டர் அளவு. பிறகு இரண்டுமே வற்றிவிட்டன. அந்த உபரித் தோட்டாவின் கூட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யவும் முடியாது. அதன் பிரைமர், அதாவது வெடிமருந்தைப் பற்றவைக்க அடியில் இருக்கும் சின்ன மூடி, பெர்டன் வகை. அடியில் நடுத் துளைக்குப் பதிலாக ஓரத்தில் சிறு துளைகள் இருக்கும். டைக்குள் இருக்கும் ஊசி பழைய பிரைமரைத் தள்ள வழி கிடையாது. மறுபடி நிரப்ப வேண்டும் என்றால் பாக்ஸர் வகைப் பிரைமர் கொண்ட கூடு தேவை. இத்தாலியின் ஃபியோக்கி, செர்பியாவின் பிர்வி பார்ட்டிசான் இரண்டும் இந்தத் தோட்டாவைச் செய்திருக்கின்றன. சுட்டபின் அந்தக் கூடுகளைக் கீழே விடாமல் பொறுக்கி வையுங்கள்.

இப்போது டைக்கு வருவோம். எல்லோரும் முதலில் கேட்பது எந்தக் கம்பெனி என்று. அது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, உங்களுக்கு அந்த வாயு அடைப்பு வேண்டுமா வேண்டாமா என்பதுதான். இதற்குப் பதில் சொன்னால் கூடு தீர்மானமாகும், கூடு தீர்மானமானால் டை பாதி தீர்மானமாகிவிடும்.

அடைப்பு வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. வின்செஸ்டர் கம்பெனி 1882இல் கொண்டுவந்த .32-20 தோட்டாவின் கூடு அடிப்பகுதியில் நாகான் கூட்டின் பருமனோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். நாகான் கூடு 39 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு; .32-20 சுமார் 33.4 மில்லிமீட்டர். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் குட்டை. வாய் குழலை எட்டாது, அதனால் அடைப்பு கிடையாது. ஆனால் மற்ற ரிவால்வர்கள் எல்லாம் அடைப்பு இல்லாமல்தானே சுடுகின்றன, இதுவும் சுடும். இதன் அடிவிளிம்பு நாகானுடையதைவிட அகலம், அதைக் கொஞ்சம் கடைந்து குறைக்க வேண்டியிருக்கும். இந்த வழியில் போனால் .32-20க்கான சாதாரண டை செட்டே போதும். வாயருகே பித்தளை காகிதம் போல மெல்லியது, டையில் கோணலாக நுழைந்தால் நசுங்கிவிடும் என்பது ஒன்றுதான் தொல்லை.

இன்னும் குட்டையான .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டாவை அப்படியே நாகானில் போட்டுச் சுடுகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். அதன் பருமன் நாகான் அறையைவிடக் குறைவு. சுட்டால் கூடு அடியில் ஊதிப்போகும், சில சமயம் கிழியும். அறையில் ஆடுகிற கூட்டை எந்த டையாலும் சரி செய்ய முடியாது.

என் கட்சி அடைப்பு வேண்டும் என்பது. அதற்காகத்தானே இந்த விசித்திர இயந்திரத்தை வைத்திருக்கிறேன். அது இல்லாமல் சுட இதைவிட நல்ல ரிவால்வர்கள் ஆயிரம் உண்டு. அப்படியானால் முழு நீளக் கூடு வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு டையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பெட்டியில் மூன்று டை ஒன்றாக வருவதால் அவை மூன்றும் ஒரே தரம் என்று ஆகிவிடாது. நல்லவேளையாக, பெரும்பாலான கம்பெனிகளின் டைகளுக்கும் ஒரே மரைதான்: எட்டில் ஏழு அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. ஒரு செட்டில் இருந்து ஒன்று, இன்னொன்றில் இருந்து ஒன்று என்று கலந்து மாட்டிக்கொள்ளலாம்.

முதலாவது சைசிங் டை. சுட்ட கூடு அறையின் அளவுக்கு ஊதியிருக்கும்; அதைப் பழைய பருமனுக்குப் பிதுக்கித் தருவது இதன் வேலை. இதில் எஃகா, டங்ஸ்டன் கார்பைடா என்ற பழைய வழக்கு ஒன்று உண்டு. கார்பைடு டையில் வாயருகே ஒரு குறுகிய வளையம்தான் வேலை செய்யும். மெழுகு தடவத் தேவையில்லை, வேகமாக ஓடும். நேர்ச்சுவர்க் கூடுகளுக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் வளையம் ஒரே விட்டம். அடியில் பருத்து மேலே மெலியும் கூட்டை அதில் முழுதாக இறக்கினால், மேல்பாகத்துக்கு ஏற்ற விட்டம் அடியையும் சேர்த்து நெரிக்கும். நாகான் கூடு கொஞ்சம் சரிவானது. அதனால் இந்த ஒரு தோட்டாவுக்கு மட்டும், உள்முழுக்க வடிவம் கடைந்த எஃகு டைதான் என் தேர்வு. ஒவ்வொரு கூட்டுக்கும் விரல்நுனியில் லேசாக லனோலின் மெழுகு தடவ வேண்டும். தடவட்டுமே. நாகானுக்கு யாரும் ஆயிரக்கணக்கில் நிரப்பப் போவதில்லை.

அமெரிக்கப் படையின் .30 கார்பைன் தோட்டாவுக்கான சைசிங் டையைச் சிலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அதன் அடிவிட்டம் நாகானுடையதோடு மயிரிழை வித்தியாசத்தில் நிற்பதால் யோசனை சரிதான். வாங்கும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். கார்பைன் கூடு நாகானைவிட ஆறு மில்லிமீட்டர் குட்டை. நீளக் கூடு இடிக்காமல் ஏற டைக்குள் மேலே இடம் இருக்கிறதா? கூட்டின் அடியைப் பிடித்துக்கொள்ளும் ஷெல்ஹோல்டரையும் தனியாகத் தேட வேண்டும். கார்பைன் தோட்டாவுக்கு அடிவிளிம்பு வெளியே நீட்டாது, நாகானுக்கு நீட்டும்.

இரண்டாவது விரிக்கும் டை. வாயைப் புனல் போலக் கொஞ்சம் விரித்தால்தான் ஈயக் குண்டு சீவுப்படாமல் இறங்கும். மற்றத் தோட்டாக்களில் இது சில்லறை வேலை. நாகானில் குண்டு வாயைத் தாண்டி ஆழத்துக்குப் போக வேண்டும். வாயில் மட்டும் விரித்து உள்ளே இறுக்கமாக விட்டால், பாதி வழியில் ஈயம் சுருள் சுருளாகச் சீவப்பட்டு மேலே வரும். ஆகவே விரிக்கும் தண்டு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பாருங்கள். குண்டின் அடி எங்கே நிற்க வேண்டுமோ அங்கே வரை அது போக வேண்டும். தண்டின் விட்டம் குண்டைவிட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு குறைவாக இருந்தால் பிடிப்பும் இருக்கும், சீவலும் இருக்காது.

குண்டின் விட்டத்தையும் பெயரை நம்பித் தீர்மானிக்காதீர்கள். பழைய நாகான் குழல்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. மெத்தென்ற ஈய உருண்டை ஒன்றை எண்ணெய் தடவி, காலியான துப்பாக்கியின் குழலில் மெதுவாகத் தட்டி அனுப்புங்கள். மறுபக்கம் வருவதை மைக்ரோமீட்டரில் அளந்தால் உங்கள் குழலின் கணக்கு தெரிந்துவிடும். விரிக்கும் தண்டை வாங்குவது அதற்கு அப்புறம்.

மூன்றாவது சீட்டிங் டை, குண்டை அமர்த்துவது. இங்கேதான் நாகான் தன் குணத்தைக் காட்டும். சாதாரண டையில் உள்ள தண்டு, கூட்டுக்கு வெளியே நிற்கும் குண்டு மூக்கை அழுத்தினால் போதும். நாகானில் தண்டே கூட்டின் வாய்க்குள் நுழைந்து போக வேண்டும். அதனால் தண்டின் நுனி வாயின் உள்விட்டத்தைவிட ஒல்லியாகவும், தட்டைக் குண்டுக்கு ஏற்றாற்போல் தட்டையாகவும் இருக்க வேண்டும். கிண்ணம் போலக் குழிந்த நுனியால் தட்டைக் குண்டை அழுத்தினால் அது சாயும், ஓரத்தில் வட்டத் தழும்பு விழும். என் செட்டோடு வந்த தண்டை எடுத்துவிட்டு, அலுமினியத்தில் ஒன்று கடைந்து மாட்டியிருக்கிறேன். லேத்தில் பத்து நிமிஷ வேலை. லேத் இல்லாதவர்கள் கம்பெனிக்கு ஒரு குண்டை அனுப்பிக் கேட்டால் அளவுக்குச் செய்து தருகிற வழக்கம் இங்கே உண்டு.

ஆழத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குண்டு கீழே போகப் போக உள்ளே மருந்துக்கு மிஞ்சும் இடம் குறையும், அழுத்தம் ஏறும். சின்னக் கூட்டில் ஒரு மில்லிமீட்டர் கூடப் பெரிய வித்தியாசம். மருந்தின் வகையும் அளவும் இந்தத் தோட்டாவுக்கென்று அச்சான கையேட்டில் இருந்துதான் வர வேண்டும்; அந்தக் கையேடு சொல்லும் குண்டு, அது சொல்லும் ஆழம். வேறு தோட்டாவின் டை இரவல் வாங்கலாம். வேறு தோட்டாவின் மருந்துக் கணக்கை இரவல் வாங்கக் கூடாது.

நான்காவது கிரிம்ப் டை, கூட்டின் வாயை உள்ளே ஒடுக்குவது. மூன்று டை செட்டில் இது தனியாக வராது. அமர்த்தும் டையே கடைசியில் வாயையும் மடக்கிவிடும். நாகானுக்கு அந்த ஏற்பாடு போதாது என்பது என் தீர்ப்பு. ஆலையில் செய்த தோட்டாவையும் வீட்டில் சாதாரண ரோல் கிரிம்ப் போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஆலைத் தோட்டாவில் குண்டுக்கு மேலே இருக்கும் பித்தளை, நீண்ட சரிவாகக் குண்டின் விட்டத்தையும்விடக் குறுகிப் போகும். ரோல் கிரிம்ப்பில் உதடு மட்டும் உள்ளே மடிந்திருக்கும், அதற்குக் கீழே சுவர் அப்படியே பருமனாக நிற்கும். குழலுக்குள் சுளுவாக நுழைவது முதல் வடிவம்தான். இரண்டாவது சில துப்பாக்கிகளில் நுழையும், சிலவற்றில் குழலின் விளிம்பில் முட்டிக்கொண்டு சிலிண்டரை முன்னால் வர விடாது. அதனால் சரிவு வடிவம் கடைந்த தனிக் கிரிம்ப் டை கிடைத்தால், மற்ற மூன்றிலும் மிச்சம் பிடித்தாவது அதை வாங்குங்கள். அமர்த்துவது ஒரு முறை, ஒடுக்குவது இன்னொரு முறை என்று பிரித்துச் செய்தால் கூடும் நசுங்காது.

டை சரியாக அமைந்ததா என்று தெரிந்துகொள்ள மருந்தும் பிரைமரும் இல்லாத போலித் தோட்டா ஒன்று செய்யுங்கள். வெறும் கூடு, குண்டு, கிரிம்ப். அதன் வாயைச் சுற்றிக் கறுப்பு மார்க்கரால் பூசி, அறையில் போட்டு, சுத்தியலை மெதுவாக இழுத்து, மெதுவாகவே திரும்ப விட்டு வெளியே எடுங்கள். கறுப்பு எங்கே அழிந்திருக்கிறது என்று பார்த்தால் எல்லாம் தெரியும். சுற்றிலும் சீராக மெல்லிய கோடு என்றால் வாய் குழலுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. உதட்டின் ஒரு பக்கம் மட்டும் பித்தளை பளிச்சென்று தெரிந்தால் முட்டுகிறது. டையை இன்னும் கால் சுற்று இறக்க வேண்டும், அல்லது கூட்டின் நீளம் கூடியிருக்கிறது. ஏழு அறையிலும் இப்படிப் பாருங்கள், அறைக்கு அறை சிறு வித்தியாசம் இருக்கும்.

இனி கம்பெனிக் கேள்வி. விஸ்கான்சினின் லீ பிரிசிஷன் இந்தத் தோட்டாவின் பெயரிலேயே செட் செய்கிறது. விலை குறைவு, முதல் செட்டாக அதை வாங்குவதில் தவறே இல்லை. அமர்த்தும் தண்டையும் கிரிம்ப்பையும் மேலே சொன்னபடி சோதித்துவிட்டு வேண்டியதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒஹாயோவின் மவுண்ட் வெர்னானில் சி.எச்.4டி என்றொரு பட்டறை இருக்கிறது. வழக்கொழிந்த தோட்டாக்களுக்கு டை கடைவதில் பேர்போன இடம். கலிபோர்னியாவில் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ். கம்பெனியும் அரிய அளவுகளுக்கு டை செய்திருக்கிறது. தனியாகச் சொல்லிச் செய்தால் விலை சில மடங்கு ஆகும், காத்திருக்கவும் வேண்டும். நாகானுக்கு அந்தச் செலவு அவசியமில்லை, கிரிம்ப் டை ஒன்றைத் தவிர.

பெயர் பொறித்த செட்டே இல்லாத தோட்டா உங்களுடையது என்றால் கதை வேறு. அங்கே டை செய்பவருக்கு அறையின் அச்சு வேண்டும். அதற்குச் செரோசேஃப் என்று ஒரு கலவை உலோகம் விற்கிறார்கள். வெந்நீர்ச் சூட்டிலேயே உருகிவிடும். சிலிண்டரைத் தனியே கழற்றி, அறையைச் சுத்தம் செய்து, முன்வாயைத் துணியால் அடைத்து ஊற்ற வேண்டும். ஆறியதும் கொஞ்சம் சுருங்கும், அப்போது தட்டினால் வெளியே வந்துவிடும். பிறகு மெல்ல விரிந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அறையின் நிஜ அளவுக்கு வரும். அந்த நேரத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் அளந்தால் இன்னும் விரிந்திருக்கும். அதில் ஈயமும் காட்மியமும் இருப்பதால் ஜன்னலைத் திறந்து வைத்து உருக்குங்கள், சமையலறைப் பாத்திரம் வேண்டாம்.

பழைய டைகள் ஏலத்திலும் துப்பாக்கிச் சந்தையிலும் மலிவாக வரும். பெட்டி துருப்பிடித்திருந்தால் கவலையில்லை, உள்சுவரில் கீறல் இருந்தால்தான் கவலை. டார்ச் அடித்துப் பாருங்கள். சிறிய கீறலும் ஒவ்வொரு கூட்டிலும் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். பெட்டியில் எழுதியிருப்பதைவிட டையின் தலையில் பொறித்திருப்பதை நம்புங்கள். கைமாறிக் கைமாறி வந்த பெட்டியில் நாகான் என்று எழுதி உள்ளே .32-20 டை இருப்பது சகஜம். ஷெல்ஹோல்டர் கூட வருகிறதா என்று கேளுங்கள், தண்டு எத்தனை என்றும் கேளுங்கள்.

டை செய்பவருக்குச் சுட்ட கூடுகளை அனுப்புவதாக இருந்தால், உங்கள் துப்பாக்கியில் சுட்டவையாக இருக்கட்டும். வேறு டையில் ஒரு முறைகூட நுழைத்திருக்கக் கூடாது. எந்தக் கூடு எந்த அறையில் இருந்து வந்தது என்று மார்க்கரால் எண் போட்டு, வாய் நசுங்காமல் இருக்கப் பஞ்சு சுற்றி அனுப்புங்கள். கூடவே நீங்கள் பயன்படுத்தப் போகும் குண்டையும் போடுங்கள். அது இல்லாவிட்டால் அவர் அதைக் கேட்டுத் திரும்ப எழுதுவார், உங்கள் வரிசை இன்னும் பின்னால் போகும்.